கார் ஷெட் தரை மேம்பாட்டுக் குழு

உலகத்தின் பெரிய காரியங்கள் எல்லாம் தரையிலிருந்துதான் தொடங்குகின்றன என்ற உண்மையைக் கண்டுபிடித்தவர் என் அத்தான். அதற்கு முன் மனிதர்கள் தரைமேல் வெறுமனே நடந்துகொண்டிருந்தார்கள்.

அத்தான் ஒரு கம்பெனியில் துணை மேலாளர். கூட்டம் நடத்துவது அவருடைய உத்தியோகம். ஆபீசில் மிச்சமாகும் கூட்டங்களை வீணாக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து நடத்துவார். அவ்வளவு சிக்கனம்.

அக்காவுக்குத் தையல் தொழில். ஒரு ஆஸ்பத்திரி அவளிடம் டாக்டர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துத் தரச் சொல்லியிருந்தது. அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். துணி அடுத்த திங்கட்கிழமை காலையில் வந்து இறங்கும். அதை விரித்து வெட்ட இடம் வேண்டும். படுக்கையறையில், கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, தலையணை உறை வேண்டுமானால் வெட்டலாம். கார் ஷெட் விசாலமானது. காரைத் தெருவில் நிறுத்திவிட்டால் தையல் கூடமே வைக்கலாம். ஆனால் தரை பழைய கான்கிரீட்.

பழைய கான்கிரீட் ஏன் புழுதி விடுகிறது தெரியுமா? கேட்டால் சுவாரசியமாக இருக்கும். தரை போடும்போது கலவையில் தண்ணீர் அதிகமாகிவிட்டால், அந்தத் தண்ணீர் மேலே வந்து தேங்கும். காய்ந்த பிறகு அடியெல்லாம் கெட்டி, மேல்தோல் மட்டும் சோப்ளாங்கி. காலால் தேய்த்தால் மாவு மாவாக வரும். பெருக்கினால் போகும், போன கையோடு அடுத்த ஈடு தயாராகிவிடும். போதாததற்கு, காரிலிருந்து வருஷக்கணக்காகச் சொட்டிய எண்ணெய்க் கறை வேறு.

"கோட்டுல ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவாங்களாம். அப்புறம் அடுத்த ஆர்டரை மறந்துட வேண்டியதுதான்," என்றாள் அக்கா. "ஒரு கொத்தனாரைக் கூப்பிடுங்களேன்."

அத்தான் சிரித்தார். ஞானிகள் சிரிப்பது மாதிரி. "கொத்தனார் கையில கரண்டி இருக்கும். திட்டம் இருக்குமா?"

அன்று மாலையே கூடத்துப் பெரிய மேஜையைச் சுற்றி 'கார் ஷெட் தரை மேம்பாட்டுக் குழு' உதயமானது. தலைவர் அத்தான். எதையும் விளக்கிச் சொல்லும் வியாதி எனக்கு இருப்பதால் நான் 'தொழில்நுட்ப ஆலோசகர்'. அக்கா 'களப்பணிப் பொறுப்பாளர்'. அதாவது பெருக்குவது, கழுவுவது, தேய்ப்பது, கூட்டத்துக்குக் காபி போடுவது.

"நம்ம லட்சியம் என்ன?" என்று அத்தான் கேட்டார்.

"தரை," என்றாள் அக்கா.

"தப்பு. குறைந்த செலவில் நிறைந்த தரை!"

நான் கைதட்டினேன். ஆலோசகரின் கடமைகளில் அதுவும் ஒன்று.

அடுத்த கூட்டத்தில் ப்ரைமர் விவாதத்துக்கு வந்தது. பெயிண்ட் தரையைப் பிடித்துக்கொள்ள முதலில் அடிக்கும் பூச்சு அது என்று விளக்கினேன்.

"அதாவது, பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிறது."

"ஆமா அத்தான்."

"அப்போ பெயிண்டையே முன்னாடி அடிச்சுட்டா?"

இப்படி ஒரு கேள்வி இதுவரை எந்தப் பெயிண்டருக்கும் தோன்றியதில்லை. ப்ரைமர் ஒருமனதாக நீக்கப்பட்டது.

பெயிண்டும் வாங்கவில்லை. கேட்டுக்கு அடித்த கறுப்பு, ஜன்னலுக்கு அடித்த வெள்ளை, அலமாரிக்கு அடித்த பச்சை என்று பரணில் கிடந்த மிச்ச டப்பாக்களை எல்லாம் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கினார். வந்த நிறத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பெயர் வைக்க ஒரு துணைக்குழு அமைந்தது. 'தொலைநோக்குச் சாம்பல்' என்று முடிவாயிற்று.

"குட்டையில எருமை எந்திரிச்சுப் போன நிறம்," என்றாள் அக்கா. உறுப்பினரின் மாற்றுக் கருத்து மரியாதையுடன் கேட்டுக்கொள்ளப்பட்டது.

இனி முக்கியமான கட்டம்: சொட்டுப் பரிசோதனை. தரை பெயிண்டுக்குத் தயாரா என்று பார்க்க எளிய வழி, அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விடுவது. தண்ணீரைத் தரை குடித்துவிட்டால் துவாரங்கள் திறந்திருக்கின்றன, பெயிண்டும் உள்ளே இறங்கிப் பிடிக்கும். தண்ணீர் முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

அத்தான் கரண்டியில் தண்ணீர் கொண்டுவந்து விட்டார். முத்து முத்தாக நின்றது.

"பாத்தியா மாப்ளே!" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு சொட்டு உள்ளே போகல! என்னா தரம்!"

"அத்தான், அது உள்ளே போகணும்..."

"தண்ணி உள்ளே போற தரையும் ஒரு தரையா? தேர்ச்சி!"

"தண்ணியே போகலைன்னா பெயிண்ட் எப்படிங்க போகும்?" என்றாள் அக்கா. "கறையைச் சோப்புப் போட்டு இன்னும் ரெண்டு தடவை தேய்க்கிறேன். ப்ரஷ்ஷைக் குடுங்க."

"பரிசோதனையில பாஸ் பண்ணின தரையைத் தேய்ச்சு ஃபெயில் ஆக்காதே."

சனிக்கிழமை பெயிண்ட் அடித்தார். உண்மையைச் சொல்ல வேண்டும், தரை ஜொலித்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை தொட்டுப் பார்த்தால் கையில் ஒட்டவில்லை.

"துணி வர்றதுக்குள்ள மெஷினை இறக்கிடலாமா?" என்று அக்கா ஆசையோடு கேட்டாள்.

"முதல்ல திறப்பு விழா," என்றார் அத்தான். "கார் ஷெட்டுன்னு பேரு இருக்கிறப்ப காரை விட்டுட்டு எப்படித் திறக்கிறது? இன்னைக்கு ஒரு நாள் நிக்கட்டும். காலையில எடுத்துடறேன்."

தெருவில் இருப்பவர்கள் எல்லாம் பார்க்க வேண்டும் என்று காரை நாலு தெரு சுற்றி, ஹாரன் அடித்து, ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்தினார். இங்கேதான் அறிவியல் வேலை செய்கிறது. ஓடிய டயர் சூடாக இருக்கும். எனாமல் பெயிண்ட் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும். உள்ளே இன்னும் பச்சைப்பிள்ளை. சூட்டில் அது இளகி டயரைக் கட்டிக்கொள்ளும். ஆற ஆறப் பிடி இறுகும். அடியில் எண்ணெய்; தரையோடு அதற்கு உறவு கிடையாது. யாரோடு போவது என்று பெயிண்டைக் கேட்டால் யாரைச் சொல்லும்?

திங்கட்கிழமை காலை அத்தான் காரைப் பின்னால் எடுத்தார். பெரிய பிளாஸ்திரியைப் பிய்த்தது போல ஒரு சத்தம். தொலைநோக்குச் சாம்பல் நாலு சக்கரத்தையும் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. மீதி ஓரத்தை அக்கா விரலால் இழுத்துப் பார்த்தாள். அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. அடியில் பழைய புழுதி, பழைய கறை.

அக்கா விரலில் ஒட்டிய புழுதியைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கூடத்தில் உடனே அவசரக் கூட்டம் கூடியது.

"இதைத் தோல்வின்னு சொல்றவங்க குறுகிய பார்வைக்காரங்க," என்று அத்தான் தொடங்கினார். "நம்ம பெயிண்ட் ஒட்டாதுன்னு சொன்னாங்க. டயர்ல ஒட்டுச்சா, இல்லையா?"

"ஒட்டுச்சு அத்தான்."

"அப்போ ஒட்டும் திறன் நிரூபணம் ஆயிடுச்சு. இடம்தான் மாறிப் போச்சு. இதை ஆராய ஒரு..."

வாசலில் வேன் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார். "அம்மா, ஆஸ்பத்திரித் துணி. எங்க இறக்கணும்?"

அக்கா கார் ஷெட் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். பிறகு எங்களைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவே இருந்த மேஜையைப் பார்த்தாள். கடைசியில் மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"இங்க," என்றாள்.

"இங்க கூட்டம் நடக்குதும்மா," என்றார் அத்தான்.

"எந்திரிங்க."

"தீர்மானம் இன்னும்..."

"எந்திரிங்கன்னா எந்திரிங்க! டேய் தம்பி, நீயும்தான். நாற்காலியைத் தூக்கிட்டுப் போ."

எழுந்தோம். துணிக்கட்டுகள் உள்ளே வந்தன. மத்தியானத்துக்குள் மேஜைமேல் வெள்ளைத் துணி விரிந்து, கத்திரிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. கோட்டுகள் குறித்த நாளில் போய்ச் சேர்ந்தன. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அடுத்த ஆர்டரும் வந்துவிட்டது.

குழு இப்போது கார் ஷெட்டில், புழுதியில் நாற்காலி போட்டுத் தன் பணியைத் தொடர்கிறது. அத்தானின் தலைமையில் நாங்கள் சாதித்ததை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். வழவழவென்று கல் பதித்த, பொட்டுப் புழுதியில்லாத, பெரிய மேஜையும் போட்ட ஒரு நல்ல தரை அந்த வீட்டில் முதலிலிருந்தே இருந்தது. அதன்மேல் உட்கார்ந்துகொண்டுதான், அக்காவுக்கு ஒரு நல்ல தரை எப்படிக் கிடைக்கும் என்று வாரம் முழுக்க யோசித்தோம்.