நூற்று நான்கு அங்குல டயரும் தொண்ணூறில் போன அப்பாவும்

மரியாதைக்கும், கேட்டதை வாங்கித் தரும் நாட்களில் கூடுதல் மரியாதைக்கும் உரிய மாமாவுக்கு,

அக்கா மகள் வாலு பணிவோடு எழுதுவது. (பணிவோடுதான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படிக்கவும்.) இங்கே அம்மா நலம், நான் நலம், அப்பா கோபம், ஐஸ் காலமாகிவிட்டது. அங்கே அத்தையும் உங்கள் தொப்பையும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

எல்லாம் உங்களால்தான் மாமா. போன தடவை வந்தபோது, "அத்தான், வண்டின்னா ஊரே அண்ணாந்து பாக்கணும்" என்று அப்பாவின் ஐஸ் லாரிக்குப் பெரிய டயர்களை மாட்டிவிட்டு நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். ஊர் அண்ணாந்து பார்த்தது. லாரிதான் நகர மாட்டேன் என்றது. மேடு வந்தால் முக்கல், மீட்டரில் நாற்பது காட்டினால் நிஜத்தில் நாற்பத்தைந்து. மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "எஞ்சின் கம்ப்யூட்டர் இன்னும் பழைய டயர்னே நெனச்சிட்டிருக்கு. ஒரு ட்யூனர் வாங்கிப் புது அளவச் சொல்லிக் குடுங்க" என்றார். அம்மா, "எஞ்சினுக்குப் பாட்டு வாத்தியாரா?" என்றாள். அப்பா என்னைப் பார்த்தார். "உனக்குத்தான் இந்தப் பொட்டியெல்லாம் புரியும். வெளையாட்டுத்தனம் இல்லாம இந்த ஒரு வேலைய முடி, லாரி ஓட்டக் கத்துத் தரேன்" என்றார். பதினெட்டு முடிந்த நாளிலிருந்து நான் கெஞ்சிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். அவர் மறுத்துக்கொண்டிருந்ததற்குக் காரணமும் தெரியும். இருபது வருஷமாக ஓட்டுகிறவர் லாரிக்குப் பின்னால் நான் எல் போர்டு ஒட்டி, ஒரு வாரம் முழுக்க ஊரே அவருக்கு, "பயப்படாம போங்க, போகப் போக வந்துடும்" என்று தைரியம் சொன்னதே, அதுதான்.

கடையில் மூன்று ட்யூனர் காட்டினார்கள். முதலாவதைப் போட்டால் வண்டி பறக்குமாம். "எங்க ஐஸுக்கு றெக்க வேணாம், கூரை போதும்"னு சொல்லிட்டேன். இரண்டாவதில் கலர் கலராக விளக்கு எரிந்தது, டயர் அளவை மட்டும் மாற்ற முடியாது. மூன்றாவது சோப்புப் பெட்டி மாதிரி இருந்தது. டயர் அளவை மாற்றலாம், பாரம் இழுக்கத் தனி ஏற்பாடு உண்டு, பிடிக்கவில்லையென்றால் பழைய நிலைக்கே திரும்பலாம். அதையே வாங்கினேன். இவ்வளவு பொறுப்பா என்று எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது மாமா.

பெட்டியை ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகியதும், "டயர் உயரம் எத்தனை அங்குலம்?" என்றது. அளவெடுக்க அம்மாவைவிட யார் உண்டு? ஊருக்கே தைக்கிறவள். அவள் அளவு நோட்டில் டயர் என்று எழுதியிருந்த சீட்டைக் கிழித்து வந்தேன். நூற்று நான்கு என்றிருந்தது. போட்டேன். "நிச்சயமா?" என்று இரண்டு தடவை கேட்டது. அம்மா டேப்பையே சந்தேகப்படுறியான்னு ரெண்டு தடவையும் ஆமான்னு அமுக்கிட்டேன். பாவி அம்மா, பழக்கதோஷத்தில் டயருக்கும் இடுப்புச் சுற்றளவை எடுத்து வைத்திருக்கிறாள்!

மறுநாள் காலை மீன்கடைக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். தெருமுனை தாண்டவில்லை, அப்பா அலறினார். "என்னடி இது, இப்பத்தான் கால வெச்சேன், தொண்ணூறு காட்டுது! கெட்டியாப் புடிச்சுக்க!" அப்புறம் வழக்கமான நாற்பதுக்கு இறக்கினார். அது நிஜத்தில் பதின்மூன்று. பின்னால் நாற்பது வண்டி ஹாரன் அடிக்க, அப்பா கண்ணாடியைப் பார்த்து, "எல்லாருக்கும் என்ன அவசரமோ" என்கிறார். அப்போது அரைக்கால் சட்டையில் ஓட்டப்பயிற்சி செய்துகொண்டிருந்த ஒருவர் ஜன்னலோரம் வந்து, அப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, எங்களை முந்திக்கொண்டு போய்விட்டார். அப்பா வாயைப் பிளந்தார். "நாப்பதுக்கு மேல ஓடுறாரு பாரு மனுஷன்! உடம்புன்னா அது உடம்பு. நீயும் இருக்கியே, தின்னுட்டுத் தின்னுட்டு!"

அரைமணி நேர வழி ஒன்றரை மணி ஆனது. மீன்கடைக்காரர் பின்கதவைத் திறந்தார். முழங்கால் வரைக்கும் குளித்தார். "ஐஸ் எங்கய்யா?" என்றார். "உங்க செருப்புலதான் நிக்குது" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இதுவும் உன் வேலைதானா?" வாழ்க்கையிலேயே முதல்தடவை நான் ஒண்ணும் பண்ணல மாமா! யார் நம்புறா? ஓட்டக் கத்துத் தருவது ரத்து, பெட்டி நாளைக்கே கடைக்குத் திரும்பப் போகிறதாம்.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் அப்பாவுக்குப் போன் போட்டு, "தப்பு எங்க அக்கா டேப் மேல, பொண்ணு மேல இல்ல" என்று சொல்லவும். அவர் கேட்டால் எனக்கு ஸ்டியரிங் கிடைக்கும். கேட்காவிட்டால் பாதித் திட்டு உங்களுக்கு வரும், எனக்கு அவ்வளவு மிச்சம்.

அத்தைக்கு என் வணக்கம், பாப்பாவுக்கு ஒரு கிள்ளு, உங்களுக்கு அந்த டயர் மாதிரியே தேயாத ஆயுள்.

இப்படிக்கு,
ஒரு பாவமும் அறியாத வாலு

பின்குறிப்பு: மாமா, போன் போட வேண்டாம். ஒட்டுவதற்கு முன்னால் அம்மா இதைப் படித்துவிட்டாள். அவள் இரண்டு சீட்டு எழுதி வைத்திருந்தாளாம். ட்யூனருக்கு உயரம், முப்பத்து மூன்று. ஸ்டெப்னி டயருக்கு உறை தைக்கச் சுற்றளவு, நூற்று நான்கு. தப்பான சீட்டைக் கிழித்தது நான். மிச்சமிருந்த முப்பத்து மூன்றையே சுற்றளவென்று நினைத்து அவள் வெட்டித் தைத்த உறை இப்போது சோற்றுக் குண்டானுக்குக் கச்சிதமாக இருக்கிறது. அப்பாவிடம் ஒப்புக்கொண்டு, பெட்டியில் முப்பத்து மூன்று போட்டுக் கொடுத்தேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "நாப்பதுன்னா இவ்வளவுதானா?" என்று முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அப்புறம், "ஐஸ் ஏத்தாத அன்னிக்கு அந்த நூத்தி நாலையே திரும்பப் போட்டு வை. தொண்ணூறு காட்டினாத்தான் நீயெல்லாம் பயந்து ஓட்டுவே" என்றார். எனக்குப் புரியவில்லை. "மூஞ்சியப் பாக்காத. அந்த எல் போர்ட எங்க ஒளிச்சு வெச்சே? எடுத்துட்டு வா" என்றார்.