பிரையாரிட்டி இருநூற்று ஐம்பத்து நான்கு

பொறாமைப்படுவதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை என்றுதான் நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் என் ஓரகத்தி நித்யாவின் மேல் முறையாகப் பொறாமைப்பட, எனக்கு ரூட்டர் கான்ஃபிகரேஷன் படிக்க வேண்டியிருந்தது. வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தேன். பி.காம். படித்தபோது இந்த அக்கறையில் பாதியைக் காட்டியிருந்தால் இன்று ஆடிட்டராகியிருப்பேன்.

வீரபாண்டியில் எங்களுக்கு ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. (டி-சர்ட், லெக்கின்ஸ், குழந்தைகளின் நைட் டிரஸ் என்று எதைத் தைத்தாலும் திருப்பூரில் அது பனியன் கம்பெனிதான்.) மாமனார் ஆரம்பித்தது. என் வீட்டுக்காரர் தையல் பக்கத்தைப் பார்க்கிறார். கொழுந்தன் பிரபு சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையர்களிடம் பேசுகிறான். பின்பக்கம் தகரக் கூரை போட்ட பேக்கிங் ஷெட் என் பொறுப்பு.

நித்யா பிரபுவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வருவதற்கு முன்னால் அந்த வீட்டின் படித்த மருமகள் நான்தான். பேங்க் வேலை, ஜி.எஸ்.டி., கம்பெனி இமெயில் எல்லாம் என் கையில். அதைவிட முக்கியம், நெட் போய்விட்டால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் வேலையை விட்டுவிட்டு வருவேன். ரூட்டரை உற்றுப் பார்ப்பேன். ஆஃப் பண்ணுவேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நிற்பேன். ஆன் பண்ணுவேன். (கண்ணை மூடுவதற்கும் நெட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்கு ஒரு மரியாதை வரும்.) பச்சை விளக்கு எரிந்ததும் மாமனார் அங்கிருக்கிற எல்லோரிடமும் சொல்வார்: “கோமதி கை வெச்சா வந்துருமுங்க.”

அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

நித்யா சோமனூர்க்காரி. அவள் அப்பா தறி ஓட்டுகிறவர், அவள் இன்ஜினியரிங் முடித்துக் கோயமுத்தூரில் நெட்வொர்க் வேலையில் இருந்தவள். வந்த கொஞ்ச நாளிலேயே நான் ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுகிற காட்சியைப் பார்த்தாள். அடுத்த வாரம் ஆபீஸில் ஒன்றுக்கு இரண்டு ரூட்டர், இரண்டு வேறு வேறு கம்பெனி லைன்.

“பெருசு வேலை பார்க்குமுங்க மாமா,” என்று மாமனாருக்கு விளக்கினாள். “‘நான் இருக்கறேன், நான் இருக்கறேன்’னு நொடிக்கு ஒரு தடவை சொல்லிட்டே இருக்கும். சின்னது அதைக் கேட்டுட்டே சும்மா உக்காந்திருக்கும். சத்தம் வரலீன்னா உடனே அதோட வேலையை இது எடுத்துக்கும். கம்ப்யூட்டருக்கெல்லாம் ஆள் மாறுனதே தெரியாதுங்க.”

“ரெண்டுல யாரு பெருசுன்னு அதுகளுக்கு எப்படித் தெரியும் கண்ணு?” என்று மாமனார் கேட்டார்.

“நம்பர் குடுத்திருக்கறனுங்க. பிரையாரிட்டி. பெருசுக்கு நூத்தியம்பது, சின்னதுக்கு நூறு. யாருக்கு நம்பர் ஜாஸ்தியோ அவங்கதான் மாஸ்டர்.”

மாமனார் பெரிய ரூட்டரின் ஒயரைப் பிடுங்கிப் பார்த்தார். நெட் போகவில்லை. திரும்பச் செருகினார். மறுபடியும் பிடுங்கினார். அப்புறம் அதுவே அவருக்கு வேலையாகிவிட்டது. நூல் கொண்டுவருகிறவர், அட்டைப்பெட்டி கொண்டுவருகிறவர், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர் என யார் வந்தாலும் ஆபீஸுக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பிடுங்கிக் காட்டுவார். “எங்க சின்ன மருமவ போட்டதுங்க. பாருங்க, நிக்கவே இல்லை.”

நெட் அதற்குப் பிறகு போகவே இல்லை. என்னை யாரும் கூப்பிடவும் இல்லை. பேக்கிங் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு, ‘ஒரே ஒரு தடவை போகக் கூடாதா’ என்று வேண்டிக்கொண்டிருந்தேன். சொந்தக் கம்பெனியின் நெட் போக வேண்டுமென்று வேண்டிக்கொண்ட முதலாளியம்மா திருப்பூரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சாமி செவி சாய்க்கவில்லை என்றதும் நானே இறங்கினேன். இரண்டு ரூட்டர் நல்லதென்றால் மூன்று இன்னும் நல்லதுதானே. என் ஷெட்டில் எனக்கென்று ஒரு ரூட்டர், எனக்கென்று ஒரு லைன். ஆபீஸிலிருந்து ஷெட்டுக்கு ஏற்கெனவே கேபிள் இருக்கிறது. ஆக, என்னுடையதும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். அப்புறம் மாமனார் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு ஷெட் வரைக்கும் நடந்து வந்தாக வேண்டும்.

நித்யா அம்மா வீட்டுக்கு சோமனூர் போயிருந்த ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். கேபிள் டி.வி.க்காரர் வீடுகளுக்குக் கொடுக்கிற சின்ன பிளானில் ஒரு லைனை மின்கம்பத்திலிருந்து ஷெட்டுக்கு இழுத்துக் கொடுத்தார். நித்யாவின் சின்ன ரூட்டர் எந்த மாடலோ அதையே வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சின்ன ரூட்டருக்கு அவள் எழுதிய செட்டிங்ஸ் ஃபைல் என்னிடமே இருந்தது. “ஒரு காப்பி உங்ககிட்ட இருக்கட்டுங்க்கா, பத்திரமா வெச்சிருப்பீங்க,” என்று பாஸ்வேர்டோடு அவள்தான் கொடுத்திருந்தாள். அதை அப்படியே என் ரூட்டரில் ஏற்றினேன். வீடியோவில் சொன்னபடி ரூட்டரின் ஐ.பி. முகவரியில் கடைசி எண்ணை மட்டும் மாற்றினேன்.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

பிரையாரிட்டி என்கிற கட்டம் வந்தது. அதில் நூறு என்று இருந்தது. நித்யாவின் பெரிய ரூட்டருக்கு நூற்றைம்பது, எனக்கு நூறா? நான் மூத்தவள். இந்த வீட்டுக்கு அவளுக்கு முன்னால் வந்தவள். நூற்று அறுபது போட்டேன். போதவில்லை. இருநூறு போட்டேன். மனசு ஆறவில்லை. முந்நூறு போட்டதும் சிவப்பு எழுத்தில் திட்டியது. இறங்கி இறங்கி வந்து இருநூற்று ஐம்பத்து நான்கில் சம்மதித்தது. அதற்கு மேல் தர அந்தப் பெட்டிக்கே அதிகாரம் இல்லையாம். சரி, இருப்பதில் பெரியது எனக்கு என்று நிறைவாக இருந்தது.

கீழே இன்னொரு வரி இருந்தது. லைன் போனால் பிரையாரிட்டியில் நூற்று இருபது குறைத்துவிடு என்று நித்யா எழுதி வைத்திருந்தாள். படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. என் நம்பரைக் குறைக்க இவள் யார் என்று அந்த வரியை அழித்தேன். கடைசியாக, ரூட்டருக்குப் பெயர் வை என்றது. ‘கோமதி மெயின்’ என்று வைத்தேன்.

திங்கட்கிழமை காலையிலிருந்து கம்பெனி முழுக்க ஒரே புலம்பல். “நெட் என்னுங்க இப்படி நவுருது?” என்று பிரபு கேட்டான். “எனக்கென்னங்க தெரியும், நித்யா போட்ட ரூட்டரைக் கேளுங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் டீ குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை அதற்கு முன்னும் பின்னும் குடித்ததில்லை. உண்மையில் அப்போது மொத்தக் கம்பெனியும் என்னுடைய அந்தச் சின்ன வீட்டு லைன் வழியாகத்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான்தான் மாஸ்டர். அது எனக்கே தெரியாது. என் ஷெட்டுக்கு மட்டும்தான் நான் பெரியவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை பையரின் வீடியோ இன்ஸ்பெக்ஷன். வெளிநாட்டில் இருக்கிற தர அதிகாரி அம்மா கேமரா வழியாகத் தையலையும் நிறத்தையும் பார்த்துச் சரி என்றால்தான் சரக்கு கிளம்பும். அன்றைக்கே கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும். தவறினால் கப்பல் போய்விடும். அப்புறம் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு எங்கள் தலையில். பிரபு காலையிலிருந்து சாப்பிடவில்லை. நித்யாவும் அன்று காலை சோமனூரிலிருந்து வந்துவிட்டாள்.

ஆபீஸில் வீடியோ கால் ஆரம்பித்திருந்தது. இங்கே கன்டெய்னர் லாரி என் ஷெட்டை நோக்கி ரிவர்ஸில் வந்தது. மேலே தொங்கிக்கொண்டிருந்த என் லைன் லாரியின் தலையில் மாட்டியது. டப்பென்று அறுந்து என் காலடியில் விழுந்தது.

நான் பதறவில்லை. சந்தோஷப்பட்டேன். லாரியே வந்து எனக்காக டெமோ காட்டியிருக்கிறது. லைன் அறுந்தால் என்ன, மற்ற ரூட்டர் எடுத்துக்கொள்ளும். இதைவிட நல்ல நேரம் வராது என்று அறுந்த ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டு, ‘மாமா, என் லைன் அறுந்துருச்சுங்க, ஆனா நெட் நிக்கலை பாருங்க’ என்று சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஆபீஸுக்குள் நுழைந்தேன். முகத்தில் சிரிப்பு வேறு.

உள்ளே, பெரிய டி.வி.யில் அந்த அம்மாவின் முகம் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது. பிரபு கையில் ஒரு குழந்தை நைட் டிரஸ்ஸை உயர்த்திப் பிடித்தபடி உறைந்து நின்றான். மாமனார் பெரிய ரூட்டரைப் பிடுங்கிச் செருகினார், சின்னதைப் பிடுங்கிச் செருகினார். எதுவும் நடக்கவில்லை. பிரபுவின் செல்போன் நெட்டில் முயன்றார்கள். கட்டடத்துக்குள் ஒரு கோடுதான் சிக்னல். படம் கோலப்பொடி மாதிரி சிதறியது.

நான் ஒயரை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

“கோமதி, நீ வேணா ஒருக்கா கை வெச்சுப் பாரேன் கண்ணு,” என்றார் மாமனார். எத்தனை மாதமாக நான் காத்திருந்த வாக்கியம். கையில் ஒயர் இருந்ததால் கை வைக்க முடியவில்லை.

நித்யா அதற்குள் லேப்டாப்பைத் திறந்து தட்டிக்கொண்டிருந்தாள். “மாமா, லைன் ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா நம்ம ரெண்டு ரூட்டருமே ஸ்டாண்ட்பைல உக்காந்திருக்குது. வேற யாரோ மாஸ்டரா இருக்காங்க.”

“நம்ம கம்பெனில நமக்குத் தெரியாம யாரு மாஸ்டரு?” என்றார் மாமனார்.

“தெரியலீங்க. லைனே இல்லாம உக்காந்துட்டு, ‘நான் இருக்கறேன், நான் இருக்கறேன்’னு சொல்லிட்டே இருக்குது. பிரையாரிட்டி எரநூத்தி அம்பத்தி நாலுங்க. அதுக்கு மேல யாருமே போட முடியாது. யாருங்க இவ்வளவு போட்டிருப்பாங்க?”

“பேரு கீரு எதாச்சும் போட்டிருக்குதா?”

நித்யா ஏதோ தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். லேப்டாப்பை மெதுவாகப் பாதி மூடினாள். “பேரெல்லாம் சரியாத் தெரியலீங்க மாமா,” என்றாள். (என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். அந்தப் பெருந்தன்மையும் அவளிடம்தான் இருக்க வேண்டுமா என்று அந்த நேரத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.)

ஆனால் பிரபு பக்கத்தில்தான் நின்றிருந்தான். மூடியைத் தூக்கி, வாய்விட்டுப் படித்தான். “கோமதி மெயின்.”

என் வீட்டுக்காரர் என் பின்னால் வந்து, கையிலிருந்த ஒயரை வாங்கிப் பார்த்து, “இது என்னம்மிணி?” என்றார்.

“அறுந்துருச்சுங்க,” என்றேன்.

“மாமா, பேக்கிங் ஷெட்டுல ஒரு ரூட்டர் இருக்குமுங்க. அதைப் புடுங்குனாப் போதும்,” என்றாள் நித்யா. பிடுங்குகிற வேலை என்றதும் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அவர் அங்கே பிடுங்கிய அடுத்த சில நொடிகளில் இங்கே டி.வி.யில் அந்த அம்மா மீதி வாயைத் திறந்தார்.

நான் பிடுங்கப்பட்டதும் கம்பெனி நன்றாக ஓடியது.

இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. சரக்குக்குச் சரி சொல்லிவிட்டார்கள். கடைசியில் அந்த அம்மா, “பேக்கிங் மிகவும் நேர்த்தியாக இருக்கிறது, யார் பார்க்கிறார்கள்?” என்று கேட்டார். என் வாழ்க்கையில் கடல் தாண்டி வந்த ஒரே பாராட்டு. அதைக் கேட்க அந்த அறையில் யாருக்கும் காது இல்லை. கன்டெய்னர் கிளம்புவது உறுதியான நிம்மதியில் எல்லோரும் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். பிரபு சிரித்துச் சிரித்து மேஜைக்கடியில் உட்கார்ந்துவிட்டான்.

சாயங்காலம் நித்யா ஷெட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

“எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கறீங்க்கா. அந்தக் குறைக்கற வரி ஒண்ணு இருந்திருந்தா, லைன் அறுந்ததும் நம்ம பெருசு எடுத்திருக்கும். அதை மட்டும் ஏனுங்க அழிச்சீங்க?”

“நான் ஏன் குறையோணும்னு அழிச்சுட்டேன்,” என்றேன்.

அவள் அட்டைப்பெட்டிகளின் மேல் சாய்ந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சமாக. அவள் என் ரூட்டரைக் கழற்றிப் போடவில்லை. குறைக்கிற வரியைத் திரும்ப எழுதி, ஐம்பது என்று நம்பர் போட்டு, மூன்றாவதாக மாட்டிவிட்டாள். ஐம்பது போதும்தான். (எழுபத்தைந்து போட்டிருக்கலாம்.)

இப்போது எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் பிரபு பந்தியில் நின்று கத்துகிறான்: “எங்க நங்கைக்கு மொதல்ல எலையப் போடுங்க. இல்லீன்னா நெட் நின்னுபோயிரும்.” (எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.) போட்டோ எடுக்க வரிசையில் நின்றால் என் வீட்டுக்காரரே, “எரநூத்தி அம்பத்தி நாலு, நடுவுல வா,” என்கிறார். விவரம் தெரியாதவர்கள் விழித்தால், நித்யாவைக் கூப்பிட்டுக் கதையைச் சொல்லச் சொல்கிறார்கள்.

அவள் சொல்வதை நின்று கேட்டிருக்கிறேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும், என் பெயரை எந்த இடத்தில் எடுத்து விட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நான் மாட்டிக்கொண்ட கதையை என்னைவிட அவள்தான் நன்றாகச் சொல்கிறாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

அது பொறுக்காமல்தான் நானே உட்கார்ந்து இதை எழுதினேன்.