வைரவருக்குச் செம்மஞ்சள் சட்டை

சுவிஸ் குடியுரிமை கேட்கிறவர் நாய் வளர்க்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத சட்டங்களைத்தான் மனிதன் மிகுந்த பயபக்தியோடு கடைப்பிடிக்கிறான். லுசேர்ணுக்குப் பக்கத்தில், காட்டோரக் கிராமமொன்றில் குடியிருந்த நித்தியானந்தனும் அப்படித்தான்.

அவருக்கு ஹோட்டல் சமையற்கட்டில் வேலை. குடியுரிமைக்கு ஒருதரம் விண்ணப்பித்து விழுந்திருந்தார். 'கிராமத்தோடு போதிய ஒட்டுறவு காணப்படவில்லை' என்று கிராமத்துக் குடியுரிமைக் குழு மிகவும் வருத்தத்தோடு தெரிவித்திருந்தது. அடுத்த நேர்காணல் மார்கழியில். அதிலும் விழுந்தால் மகள் யதுஷாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவருடைய கவலை. அவளுடைய விண்ணப்பமும் அவரோடு சேர்ந்தே கிடந்தது.

"ஏன் உன்னைத் தட்டிவிட்டவங்கள் தெரியுமோ மச்சான்?" என்றான் சிநேகிதன் துஷாந்தன். அவன் சிவப்புச் சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்த நாளிலிருந்து இந்த விசயத்தில் பேராசிரியர். "வேலைக்குப் போறாய், வீட்டை வாறாய், லீவெண்டா திரிம்பாக் கோயிலுக்குப் போறாய். ஊருக்குள்ள உன்னை ஆர் கண்டது? நான் ஒரு நாய் வாங்கினன். இப்ப முழு ஊரும் எனக்கு வணக்கம் சொல்லுது. நாயில்லாதவனை இஞ்ச ஒருத்தரும் மனிசரா மதிக்காயினம்."

அந்த வருசம் எங்கள் ஆட்களிடையே நாய் ஒரு அலையாகவே அடித்தது. பெண்பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடும் சாமத்தியவீட்டு ஆல்பங்களில்கூட மாமாவுக்கும் மாமிக்கும் நடுவில் நாய் பட்டுடுத்தி நின்றது.

நித்தியானந்தனுக்கு நாய்க் காப்பகத்தில் கிடைத்ததற்கு நெடுங்கால், மெல்லிய உடம்பு, பெரிய காது, கபில நிறம். தூரத்தில் பார்த்தால் மான். கிட்டப் பார்த்தாலும் கொஞ்சம் மான்தான். மனைவி சரணியா முதலில் வாசலிலேயே மறித்தாள். பிறகு, வைரவரின் வாகனமல்லவா என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வைரவர் என்றே பெயரும் வைத்துவிட்டாள். வைரவரை வாடா போடா என்று கூப்பிட முடியாதே! "வைரவர், சோபாவில ஏறாதேங்கோ. அப்பிடியே இறங்கி வாங்கோ" என்றுதான் வீடு முழுக்கக் கேட்டது. வெள்ளிக்கிழமைகளில் அவருக்கும் மரக்கறிதான்.

முதல்நாள் காட்டுக்குள் கால் வைத்ததுமே டமார் என்று ஒரு வெடி. நித்தியானந்தன் குப்புற விழுந்து படுத்துவிட்டார். அது சண்டைக்காலத்தில் ஊரில் பழகிய பழக்கம், இத்தனை வருசப் பனியிலும் போகவில்லை. வைரவர் பக்கத்தில் நின்று அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். எழும்பும்போது நித்தியானந்தனுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்தநாள் கிராமசபை அலுவலகத்துக் கவுண்டரில் நின்றார். அங்கே இருந்த அலுவலர் ஹெர் அம்ரைன், நம் முறையில் திருவாளர் அம்ரைன். உரையாடல் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், நடந்தது. அதன் கண்ணியம் குறையாமல் தமிழில் தருகிறோம்.

"காட்டில் நாயோடு நடக்கலாமா?"

"தாராளமாக. காடு பொதுமக்களுக்கு உரியது."

"அங்கே சுடுகிறார்களே?"

"அதுவும் தாராளமாக. காடு வேட்டைக்கும் உரியது."

"என் நாய் பார்க்க மான் போல இருக்கிறது."

ஹெர் அம்ரைன் கவுண்டருக்கு மேலால் எட்டி வைரவரை நன்றாகப் பார்த்தார். "அது நாயின் தனிப்பட்ட விடயம். நிர்வாகம் அதில் தலையிட முடியாது. ஆயினும் இருவரும் செம்மஞ்சள் நிறத்தில் உடுத்துவது விரும்பத்தக்கது."

சரணியா யதுஷாவின் சாமத்தியவீட்டுச் செம்மஞ்சள் சேலையை வெட்டி, அவருக்கும் வைரவருக்கும் ஜரிகைக் கரை வைத்துச் சட்டை தைத்தாள். ஒரு கிழமைக்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

"உங்கள் மீது முறைப்பாடு" என்றார் ஹெர் அம்ரைன். "வேட்டைக்காரரும் செம்மஞ்சள்தான் உடுத்துகிறார்கள். உங்களைத் தோளில் துவக்கில்லாமல் கண்டவர்கள், யாரோ வேட்டைக்காரர் துவக்கைத் தொலைத்துவிட்டார் என்று எண்ணி, மாலை முழுவதும் பற்றைகளுக்குள் தேடியிருக்கிறார்கள்."

"அப்படியானால் நான் என்ன செய்ய?"

"சட்டை இருக்கட்டும். நீங்கள் நீங்கள்தான் என்று தெரிவதற்கு ஒரு மணி கட்டலாம்."

சுவாமியறை மணி காட்டுக்குப் போனது. அடுத்த கிழமை இன்னொரு அழைப்பு.

"மணிச் சத்தத்துக்கு மான்கள் ஓடுகின்றன. வேட்டை நடக்கையில் மானை விரட்டிக் கலைப்பது கலைப்பாளர் வேலை. வேட்டைச் சங்கத்தில் சேராமல் அந்த வேலையைச் செய்ய உங்களுக்கு அனுமதியில்லை."

"மணியை நிறுத்தினால் சுட்டுவிடுவார்களே?"

"சாத்தியம் உண்டு."

"சங்கத்தில் சேர்ந்தால்?"

"உறுப்பினரைச் சுடுவது சங்க விதிகளுக்கு முரணானது."

நித்தியானந்தன் சேர்ந்தார். சனிக்கிழமைகளில் ஜரிகைச் சட்டை போட்டு, மணியடித்து, வைரவரோடு மான்களைத் துவக்குகளின் முன்னால் கலைத்துவிட்டார். முதல் மான் விழுந்தபோது அவர் வைரவரின் கண்களைப் பொத்தினார். அது அச்சொட்டாக வைரவரைப்போலவே கிடந்தது. சங்கத் தலைவர் ஓடிவந்து தோளில் தட்டி, சாராயம் விட்ட கோப்பி கொடுத்தார். இரண்டாவது மானுக்கு ஒரு கண்ணை மட்டும் பொத்தினார். மூன்றாவதுக்குக் கோப்பி ஏன் பிந்துகிறது என்றுதான் பார்த்தார்.

அந்தத் தலைவர்தான் குடியுரிமைக் குழுவுக்கும் தலைவர். இது நித்தியானந்தனுக்கு நேர்காணல் அன்றுதான் தெரியவந்தது.

"கிராமத்தில் என்ன செய்கிறீர்கள்?"

"மான் கலைக்கிறேன்."

குழு முழுவதும் மனம் நிறைந்து தலையாட்டியது. வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. அப்பனும் மகளும் சுவிஸ் ஆனார்கள். சரணியா வைரவருக்குப் பொட்டு வைத்து வடைமாலை சாத்தினாள், வைரவர் மாலையைச் சாப்பிட்டார்.

வசந்தத்தில் பாடசாலை மண்டபத்தில் கிராமசபைக் கூட்டம். நித்தியானந்தன் கையுயர்த்தப்போகும் முதற்கூட்டம். அன்றைய தீர்மானம்: ஓடைக்கரைப் பாதையில் மட்டும் வேட்டையை நிறுத்தி, நாயோடு நடப்பவர்கள் பயமில்லாமல் நடக்க விடுவது. அதற்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் முரளிதரன், கணினிக் கம்பனி வேலைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வந்தவர். வேலை விசாவில் இருப்பவருக்கு வாக்கில்லை. விருந்தினர் வாங்குப் பலகையில் இருந்தபடி அவர் நித்தியானந்தனைக் கண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

"சார், நீங்களாவது கையைத் தூக்குங்க சார். போன சீசன்ல என் டாமி காதை ஒட்டி குண்டு போச்சு."

நித்தியானந்தன் சிரித்துவிட்டுப் போய்ச் சங்கத்தாரின் வரிசையில் இருந்தார். ஆதரிப்பவர்களைக் கேட்டபோது வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார், கை மடியிலேயே கிடந்தது. எதிர்ப்பவர்களைக் கேட்டபோது வரிசை முழுவதும் கை எழும்பியது. அவருடைய கையும் எழும்பியது. தீர்மானம் ஒரே ஒரு கையால் தோற்றது.

வெளியே முரளிதரன் நின்றார். "ஏன் சார்? நீங்களும் நாய் வெச்சிருக்கீங்களே!"

"தம்பி, நீங்கள் இஞ்சத்தை நடைமுறைக்குப் புதுசு. காடெண்டா வேட்டை இருக்கும்."

"அப்ப நானும் அந்த சங்கத்துல சேர்ந்துடட்டுமா?"

நித்தியானந்தன் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

"இந்த வருசம் ஆக்களை எடுக்கேல்லை. வெளிநாட்டுக்காரர் கூடிப்போச்சினம் தம்பி."