முதுகில் விசிறி, கையில் பிடி

துக்கம் மனிதனை முடக்கிப்போடும் என்பார்கள். என்னை அது உட்காரவே விடவில்லை. மனைவி மறைந்தபின் வீட்டில் ஒரு நாற்காலியும் எனக்குப் பொருந்தவில்லை. இயந்திரவியல் பேராசிரியனாக ஓய்வுபெற்ற நான், கடைசியில் கன்னட எல்லையை ஒட்டிய தளிக்கு அருகே ஒரு மேட்டில், எஞ்சின் பூட்டிய நாற்காலியை முதுகில் கட்டிக்கொண்டு நின்றேன்.

அதன் பெயர் பாராமோட்டார். முதுகில் சிறு பெட்ரோல் எஞ்சின். அதன் பின்னே சுழலும் விசிறி. சுற்றிலும் வலை போட்ட வளையம். தலைக்குமேல் விரியும் துணிச் சிறகு. கைக்குள் ஒரு விசை: அழுத்தினால் வேகம், விட்டால் ஓய்வு. சக்கரம் கிடையாது, பறப்பவரின் கால்களே சக்கரம். (என் இடது முழங்காலை வடிவமைத்தவர் கணக்கில் எடுக்கவில்லை.)

பெங்களூரிலிருந்து மகளை வரவழைத்திருந்தேன். என் மூக்கண்டப்பள்ளி வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வரச்சொல்லி நச்சரிப்பவள். நான் தனியே வாழத் தகுதியானவன் என்பதை ஆகாயத்திலிருந்து நிரூபிப்பது என் திட்டம்.

"இதெல்லாம் தேவையாப்பா?"

"உந்துவிசையைப் பாடமாகவே நடத்தினவன்மா நான்."

பயிற்சியாளர் மஞ்சுநாத் எல்லைக்கு அந்தப்பக்கத்து ஆனேக்கல்காரர். "ஓடுங்க சார், மிஷினு தன்னால தள்ளும்" என்றார். ஓடினேன். சிறகு ஒருபக்கம் சரிந்தது. பின்னாலிருந்து அலறல்: "பிடி சார், பிடி!"

வயதில் மூத்தவனை ஒருமையில் ஏவுகிறாரே என்று ஒரு கணம் வருந்தினேன். ஆயினும் விசையை இறுகப் பிடித்தேன். அவர் மேலும் அலறினார்; நான் மேலும் பிடித்தேன். வரப்பைத் தாண்டி முட்டைக்கோஸ் தோட்டத்தில் பக்கவாட்டில் சாய்ந்தேன். வளையம் நெளிய, விசிறி கோஸைத் துருவித் தள்ளியது.

தோட்டக்கார அம்மாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏன் பெரியவரே, கோசு அறுக்க எங்களுக்குக் கத்தி போதுமே. இவ்ளோ பெரிய ஃபேனு எதுக்கு?"

மஞ்சுநாத் ஓடிவந்து என் விரல்களைப் பிரித்தார். "பிடி பிடின்னு அவ்ளோ கூவுனேனே சார்!"

"பிடித்துக்கொண்டுதானே இருந்தேன்!"

மகள் சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, கன்னடத்துல 'பிடி'ன்னா விடுங்கன்னு அர்த்தம்! மரியாதையாத்தான் சொல்லியிருக்காரு."

அவர் சொன்னது பிஸ்கட்டின் 'பி'. நான் கேட்டது பிள்ளையின் 'பி'. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அந்த ஓர் எழுத்தில்தான் தடுக்கி விழுந்திருந்தேன். தாய் போனபிறகு மகள் சிரித்தது அன்றுதான்.

இப்போது அப்பளம் நீட்டும்போதெல்லாம் பேரன் கேட்கிறான்: "தாத்தா, பிடி! தமிழ்ப் பிடியா, கன்னடப் பிடியா?"

மகளும் வரும்போதெல்லாம் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவாக, "பிடி, அப்பா" என்கிறாள். கன்னடத்தில்தான் சொல்கிறாள். நான் தமிழிலேயே கேட்டுக்கொள்கிறேன்.