வட்டத்துக்குப் பணம் தர மாட்டார்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் நெல்லுக்கு அடுத்தபடியாக அதிகம் விளைந்தது எங்கள் புரபோசல் சாரின் ஆராய்ச்சித் திட்டங்கள்தான். நெல்லை எடுக்கவாவது கொள்முதல் நிலையம் இருக்கிறது. இவர் விளைச்சலை வாங்க ஒரு ஆள் கிடைத்ததில்லை.

எங்கள் கல்லூரியில் அவர் விலங்கியல், நான் தமிழ். எந்நேரமும் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதிக்கொண்டே இருந்ததால் மாணவர்கள் வைத்த பெயர் அது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ என்று திரும்பாமல் போய்விடுவார். நத்தைக்கு எழுதினார், வயல் நண்டுக்கு எழுதினார், வாய்க்காலை அடைக்கும் ஆகாயத்தாமரைக்கு எழுதினார். எல்லாமே 'வருந்துகிறோம்' என்று திரும்பி வரும். அப்படி வருந்தியவர்களுக்கும் நன்றி சொல்லிப் பதில் போடுவார்.

இந்த வேடிக்கையெல்லாம் ராஜாத்தி விழுந்த நாளோடு முடிந்தது. கல்லூரிக்குப் பின்னால் வயல். குறுவை நடவு, உச்சி வெயில். நட்டுக்கொண்டிருந்த ராஜாத்தி அப்படியே சேற்றில் குப்புற விழுந்துவிட்டார். சாரும் நானும் ஓடிப்போய்த் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

"ஏம்மா, வேலையில தண்ணி குடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டார் சார்.

"குடிச்சா ஒதுங்கணும்ல சார். அந்தப் பொட்டல்ல எங்க போயி ஒதுங்குறது?"

ராஜாத்தி உடம்பு தேறி மறுபடி வயலில் இறங்கிவிட்டார். சார்தான் தேறவில்லை. "இன்னும் எத்தன பேருக்கு உள்ளுக்குள்ள இப்படி இருக்கோ" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து ஓர் அமைப்பு, உடல்நலம், பருவநிலை, பள்ளி அறிவியல் மூன்றும் கைகோத்து வந்தால் நிதி தருவதாக அறிவித்தது. சார் துள்ளிவிட்டார். நடவுப் பெண்களைப் பரிசோதிக்க ஒரு டாக்டர், வெயிலைக் கணக்கெடுக்க ஒரு பருவநிலைப் பேராசிரியர், பள்ளிப் பிள்ளைகளை அளவெடுக்கப் பழக்க ஒரு தலைமையாசிரியை. முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு உச்சிவேளை நடவை நிறுத்த வைப்பது, வயலோரம் பெண்களுக்குக் கழிப்பறை கேட்பது. இதுதான் திட்டம்.

மற்றவர்களாக இருந்தால் ஒரு ஈமெயிலோடு விட்டிருப்பார்கள். இவர் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வைத்துக்கொண்டு வீடு வீடாக அழைக்கப் போனார். துணைக்கு நான். பேராசிரியரின் மனைவி தட்டை வாங்கிக்கொண்டு, "கல்யாணம் பொண்ணுக்கா, பையனுக்காங்க?" என்று கேட்டார்.

"கல்யாணம் இல்லம்மா, கொலாபரேஷன்."

மூன்று பேரும் சம்மதித்தார்கள். யார் பெயர் முதலில் என்பதில்தான் வந்தது வினை. "நோய் எங்க சப்ஜெக்டுங்க" என்றார் டாக்டர். "வெயில் இல்லாம நோய் எங்கேருந்து வருது?" என்றார் பேராசிரியர். "அளக்கப்போறது எங்க பிள்ளைங்க" என்றார் தலைமையாசிரியை. கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்கு நடக்கும் சண்டைதான், மைக் செட் மட்டும் இல்லை. சார் யோசித்தார். அமைப்பு கேட்ட மூன்றில் விலங்கியல் இல்லாததால் தன் பெயரை விட்டுவிட்டு, ஒரு வட்டம் போட்டு மூன்று பெயர்களையும் சுற்றி எழுதி அனுப்பிவிட்டார். மேலும் இல்லை, கீழும் இல்லை.

அந்த அமைப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். "சார், இதுல தலைமை யாருங்க?"

"தலைமைன்னு யாரும் இல்லம்மா. வட்டம்."

"வட்டத்துக்கு நாங்க பணம் அனுப்ப முடியாது சார்."

யாராவது ஒருவருக்கு மற்ற இருவரையும் விட்டுக்கொடுக்கச் சொல்லி மூன்று வீட்டுக்கும் மறுபடி நடந்தார். ஒருவரும் இறங்கி வரவில்லை. கெடு முடிந்துபோனது. "மூணு பேருமே நல்லவங்க சார். அதான் யாரையும் திட்டக்கூட முடியல" என்றார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த குறுவைக்கு, கையில் ஒரு வெப்பமானியும் குடையுமாக அவரே வரப்பில் போய் நின்றார். ராஜாத்தி நிமிர்ந்து பார்த்து, "அளந்து முடிச்சதும் வெயில கொஞ்சம் கொறச்சு வச்சுட்டுப் போங்க சார்" என்றார். வயலே சிரித்தது. நான் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "அவங்க குடிக்காம நிக்கிறப்ப நான் மட்டும் எப்படி சார் குடிக்கிறது?" என்று தள்ளிவிட்டார். இந்த அசட்டுப் பிடிவாதத்தை என்னவென்று சொல்வது. சில நாள் அப்படியே போனது. பிறகொரு மத்தியானம் குடையோடு வயலுக்குள் சாய்ந்தார். நடவை விட்டு ஓடிவந்து தூக்கியவர் ராஜாத்தி.

தூக்கி என்ன, வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது மயிலாடுதுறையில் மகள் வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். அந்த நிதியை வேறு யாரோ வேறு எதற்கோ வாங்கிப் போனார்கள். கழிப்பறை வரவில்லை, நடவு நேரமும் மாறவில்லை. மாறும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை.

நடவுக் காலத்தில் தினமும் மத்தியானம் அவரிடமிருந்து போன் வரும். பேச்சு குழறும், ஆனால் கேள்வி ஒன்றுதான் என்பதால் எனக்குப் புரிந்துவிடும்.

"பொம்பளைங்க கரையேறிட்டாங்களா சார்?"

கல்லூரி ஜன்னல் வழியே பார்க்கிறேன். கொதிக்கும் தண்ணீரில் ராஜாத்தி குனிந்து நட்டுக்கொண்டிருக்கிறார்.

"இப்பதான் ஏறுனாங்க சார். நிழல்ல உக்காந்து தண்ணி குடிக்கிறாங்க" என்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் அவர் சாப்பிட வாயைத் திறப்பாராம்.