தூர தேசத்து வகுப்பு

திரையில் யாரோ ஒரு மனிதரின் பாதி மூக்கு மட்டும் தெரிந்து, அப்படியே உறைந்து நின்றது.

"டீச்சர், அந்த நாட்டுல எல்லாருக்கும் பாதி மூக்குதானா?" என்றாள் முதல் பெஞ்சு வாயாடி.

"நெட்டு மெதுவா இருக்கு, அவ்வளவுதான். படத்தை நிறுத்திடுவோம், குரல் போதும்," என்றார் பூகோள டீச்சர், கொஞ்சமும் அசராமல்.

கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். இன்றைய பாடம் தேறினால் எல்லா வகுப்புக்கும் இதே முறை. தேறாவிட்டால் திரையும் கம்ப்யூட்டரும் ஸ்டோர் ரூமுக்கு. அப்படித்தான் பேச்சு.

ஆட்டம் எளிது. ஓர் இணையதளம் முன்பின் தெரியாத இரண்டு வகுப்புகளைக் கோத்துவிடும். மாறி மாறிக் கேள்வி கேட்டு, எதிர்த்தரப்பு உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மனப்பாடத்துக்கு அங்கே வேலையே இல்லை.

படம் போய்க் குரல் வந்தது. குரலா அது? ஸ்பீக்கர் "கீ..." என்று அலறியதில் தலைமையாசிரியை பேனாவைக் கீழே போட்டுக் காதைப் பொத்திக்கொண்டார்.

"குரலும் வேணாம், எழுதியே கேட்போம்! யார் எந்த மொழியில எழுதினாலும் இதுவே தமிழ்ல மாத்திக் கொடுத்துடும் மேடம்."

வாயாடி ஒற்றை விரலால் தட்டினாள். 'அங்கே மழையா?'

பதில் வந்தது: 'ஆம். வானத்தில் ஓட்டை விழுந்துள்ளது.'

இங்கேயும் ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருந்தது; மைதானம் குளமாகிக் கிடந்தது.

'மணி என்ன?'

'பதினொன்று பத்து.'

வகுப்பு மொத்தமும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது. பதினொன்று பத்து.

"பாத்தீங்களா! நேரம் ஒண்ணுன்னா தீர்க்கரேகையும் ஒண்ணு. அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு மேலயும் கீழயும் தேடுங்க!"

பிள்ளைகள் வரைபடத்தின் மேல் ஈயாய் மொய்த்தார்கள். வாயாடி அடுத்ததைத் தட்டினாள்: 'உங்கள் சார் எப்படி?'

'எங்கள் ஆசிரியரின் கோபம் அவருடைய மூக்கின் மேற்கூரையில் குடியிருக்கிறது.'

வகுப்பு விழித்தது.

"அது அவங்க நாட்டுப் பழமொழி," என்றார் டீச்சர். "ஒரே வரியில ஒரு பண்பாடே தெரியுது பாருங்க மேடம்."

தலைமையாசிரியை அதை நோட்டில் குறித்துக்கொண்டார்.

இப்போது எதிர்த்தரப்பிலிருந்து கேள்விகள் சரம்சரமாக வந்தன. வாயாடியின் ஒற்றை விரல் திணறியது. டீச்சர் அதற்கும் வழி வைத்திருந்தார்.

"நான் கேள்வியைப் படிக்கிறேன், எல்லாரும் பதிலைச் சத்தமாச் சொல்லுங்க. அவ கேட்டுக் கேட்டு அடிக்கட்டும்!"

நாற்பது தொண்டைகள் திறந்துகொண்டன.

"ஆறு இருக்கா?"

"இருக்கூ!"

"மலை?"

"இல்லே!"

"ஸ்கூல்ல எத்தனை மாடி?"

"ரெண்டூ!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. டீச்சர் கடைசி அம்பை எய்தார்: 'உங்கள் பள்ளியைச் சுற்றி என்ன இருக்கிறது?'

'நாலு பக்கமும் தண்ணீர்.'

"தீவு!" என்று துள்ளினார் டீச்சர். "தண்ணியால சூழப்பட்டது எது?"

"தீவூ!"

"அப்போ கோட்டைப் பிடிச்சுக் கீழ போனா?"

இதுவரை வகுப்பில் வாயே திறக்காத மூன்றாம் பெஞ்சு ஊமைக்கோட்டான்கூட ஓடிவந்து, நடுக்கடலில் கடுகளவு இருந்த ஒரு புள்ளியில் விரல் வைத்தான். ஆரவாரம் கூரையைத் தொட்டது.

தலைமையாசிரியை எழுந்தே விட்டார். "என் முப்பது வருஷ சர்வீஸ்ல பூகோளத்துக்குப் பிள்ளைங்க கைதட்டி நான் பாத்ததில்லை. அடுத்த வாரமே எல்லா கிளாஸுக்கும் ஆரம்பிச்சுடுங்க டீச்சர்!"

டீச்சர் தலை நிமிர்ந்து நின்றார். அந்த நேரம் பார்த்துப் பியூன் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார்.

"கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லி மாடியிலருந்து அறிவியல் சார் அனுப்பினாரு டீச்சர். அவரு பசங்க லேப் கம்ப்யூட்டர்ல ஏதோ வெளிநாட்டு ஸ்கூலோட பேசிட்டிருக்காங்களாம்; அந்த நாட்டுக்காரங்க பதில் எழுதுறதுக்கு முன்னாடியே நம்ம பசங்க கீழருந்து கத்திச் சொல்லிடுறாங்களாம்!"