பல்லால் கேட்ட பல்பு நானா

காரைக்காலில் பேஸ் கிட்டாரைப் பல்லால் கேட்ட மனிதர் ஒருவர்தான் உண்டு. காரைக்கால் என்ன, கப்பலேறிப் போய்த் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். மர ஸ்கேலின் ஒரு முனையை ஸ்பீக்கர் பெட்டியில் ஊன்றி, மறுமுனையைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பார். பிறகு ஸ்கேலைத் துடைத்துவிட்டு, "அடி சத்தம் கொஞ்சம் வழியுது" என்பார். மறுத்துப் பேச எங்களுக்குத் தைரியம் கிடையாது.

அவர் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. எல்லாருக்கும் பல்பு நானா. நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணன். இவர் கடைத்தெருவுக்கே அண்ணன். கப்பல் இஞ்சின் அறையில் எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்து, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிட்டார் வாசித்தேன். அதற்கான ஆம்ப்ளிஃபயர் முழுக்க அவர் கைவேலை. நாலு பேர் தூக்கவேண்டிய ஸ்பீக்கர் பெட்டி, அதன் தலையில் வால்வு ஆம்ப்ளிஃபயர், அதற்கும் மேலே ஒரு சின்னத் தகரப் பெட்டி.

அந்தத் தகரப் பெட்டிதான் கம்ப்ரசர். பொங்குகிற சத்தத்தை அமுக்கும், மெலிகிற சத்தத்தைத் தூக்கிவிடும். உள்ளே ஒரு டார்ச் பல்பு; அதற்கு எதிரே, பழைய கேமராவிலிருந்து பிடுங்கிய, வெளிச்சத்தை உணரும் வில்லை. நான் ஓங்கி அடித்தால் பல்பு பிரகாசிக்கும்; பல்பு பிரகாசித்தால் வில்லை சத்தத்தைக் குறைக்கும். அவ்வளவுதான் வித்தை. உள்ளே கும்மிருட்டாக இருக்கவேண்டிய பெட்டி அது. நானாவோ பல்பு தெரியும்படி அதன் முகத்தில் ஓட்டை போட்டு வைத்திருந்தார்.

போலகத்துக் கல்யாணத்தில் அந்த ஓட்டை எங்கள் மானத்தை வாங்கியது. போட்டோக்காரர் ஃப்ளாஷ் அடிக்கும்போதெல்லாம் வெளிச்சம் ஓட்டைக்குள் புகுந்து, பேஸ் இரண்டு விநாடி மயங்கி விழுந்து எழுந்தது. தாலி கட்டும்போது வாசித்த பாட்டில் மட்டும் பதினாலு மயக்கம். குழுவை நடத்திய மாஸ்டர், ஓட்டையை அடைக்கச் சொன்னார். நானாவோ, கல்யாணத்தில் எதற்கு இத்தனை போட்டோ என்று போட்டோக்காரரோடு சண்டைக்குப் போனார்.

ஓட்டையின் ரகசியம் எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. கடையில் ஒருநாள், வாசித்துக் காட்டு என்றார். வாசித்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. ஆம்ப்ளிஃபயரின் சுவிட்சையே போட மறந்திருந்தார். கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நானா அந்த ஓட்டையையே பார்த்துத் தலையாட்டி, இன்றைக்கு உன் கை நன்றாக இருக்கிறது என்றார். என் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. கடைக் கதவைச் சாத்தினார்.

"இஞ்சின் ரூமு காதைத் தின்னுடுச்சு தம்பி. பாட்டெல்லாம் போச்சு. பேஸ் மட்டும் உள்ளங்கால்ல வரும், பல்லுல வரும். மத்ததுக்குப் பல்புதான். செவிட்டு மெக்கானிக்குன்னு தெரிஞ்சா யாரு கடைப்படி ஏறுவாங்க? அல்லாவுக்கு அடுத்து உனக்குத்தான் தெரியும்."

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டார். முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் மரியாதை என்று எங்களுக்கே பாடம் எடுப்பார். நாங்களும் பெரிய ஒழுக்கசீலர் என்று நம்பிக் கைகட்டி நின்றோம்.

திருவேட்டக்குடியில் கோயில் கச்சேரி வந்தது. கடற்கரை மணலில், பீப்பாய்களின் மேல் பலகை அடுக்கிய மேடை. வளைகுடாவிலிருந்து வந்த ஒருவர் வீடியோ எடுக்கப்போகிறார், கண்ணைக் குருடாக்கும் விளக்கோடு. மாஸ்டர் யாரையும் கேட்கவில்லை. கறுப்பு டேப்பை எடுத்து ஓட்டையை ஒட்டிவிட்டார். கைலியோடு நின்றால் படத்தில் விழுவார் என்று நானாவை மேடையை விட்டு இறக்கி மணலில் உட்காரவும் வைத்தார். இன்று பேஸ் ஒருதரம் விழுந்தாலும், அடுத்த கச்சேரிக்குத் தஞ்சாவூரிலிருந்து டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் செட் ஆளோடு வரும் என்றும் சொல்லிவிட்டார். இந்தக் கரையில் எங்களைப் பார்த்துத்தான் மற்ற குழுக்களும் ஆள் வைப்பார்கள். நாங்கள் கைவிட்டால் கடையை மூடவேண்டியதுதான்.

மூன்றாவது பாட்டில் தெருவிளக்குகள் எரிந்தன, வோல்டேஜ் படுத்தது. பேஸ் கரைந்துகொண்டே போனது. மாஸ்டர் கீழே பார்த்துக் கையை ஆட்டினார். மணலில் அதிர்வு எட்டாத நானா, பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். இரண்டு கையும் கிட்டாரில் இருக்க, ஆம்ப்ளிஃபயருக்கு வோல்டேஜை ஏற்றும் குமிழைப் பார்த்து முகவாயை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி என்னைப் பார்த்து அழவே ஆரம்பித்துவிட்டாள். நல்லவேளை, நானா புரிந்துகொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையேறி, பாதத்தைப் பலகையில் அழுத்தி, குமிழை மெல்ல மெல்லத் திருகினார். பேஸ் திரும்பி வந்தது.

ஆனால் மாஸ்டர் என் முகவாயையும் பார்த்துவிட்டார்; நானாவுக்குக் காது கேட்கிறதா என்ற சந்தேகம் அவருக்கு வந்துவிட்டது.

பாட்டு முடிந்து, ஊர்த் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானா பெட்டிக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் ஓசைப்படாமல் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றார்.

"நானா."

நானா ஒயரை முறுக்கினார்.

"நானா, உங்களத்தான்."

நானா அடுத்த ஒயரை எடுத்தார். மாஸ்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்பில்லை அது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து, நானாவின் காதுக்குப் பின்னால் ஓங்கிக் கைதட்டப் போனார். அதற்கும் திரும்பாவிட்டால் கதை முடிந்தது. எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. கிட்டாரின் தடிக் கம்பியை ஒரே அடியாக அடித்தேன்.

பலகை அதிர்ந்தது. ஊர்த் தலைவர் பொன்னாடையோடு துள்ளினார். நானா நிதானமாகத் திரும்பினார். சேர்ந்த கைகளோடு மாஸ்டர் அப்படியே உறைந்துபோனார்.

"என்ன மாஸ்டர், என்னயப் போயி கும்புடுறீங்க? மனுசன மனுசன் கும்புடக்கூடாதுங்க."

கூட்டம் கைதட்டியது. மாஸ்டர், வோல்டேஜ் பற்றி ஏதோ கேட்க வந்ததாக முணுமுணுத்துவிட்டு நழுவினார். தஞ்சாவூர் செட் என்ற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

நானா நேராக என்னிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தடிக் கம்பி சுருதி எறங்கியிருக்கு தம்பி. உப்புக் காத்து. ஏத்திக்க."

கீபோர்டில் ஒத்துப் பார்த்தேன். ஒரு நூலிழை இறங்கித்தான் இருந்தது.

அந்தக் குழுவில் ஆறு வருடம் வாசித்தேன். பாடகருக்கு மாலை விழும், டிரம்ஸுக்கு விசில் விழும். என் வாசிப்பில் யாரும் ஒரு குறைகூடச் சொன்னதில்லை. குறை சொல்லவாவது அது காதில் விழுந்திருக்க வேண்டுமே. அன்றைக்குக் கம்பியை முறுக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுருதி சேர்ந்துவிட்டதா என்று அறிய, நான் பார்த்தது பலகையில் ஊன்றியிருந்த அவர் பாதத்தைத்தான்.